கீரைக்காரிக்குச் சொன்ன ‘ம்ஹூம்’

தௌலத் பேகம் ‘ம்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘ம்ஹூம்’ என்று சொல்லிவிட்டதால், கோவில்பட்டி மார்க்கெட் ரோட்டுக்குப் பின்தெருவில் இருக்கும் படுதாக்கடை வீட்டுக் கிணறு, ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு இல்லாமல் போயிற்று. வற்றவில்லை. தூர்ந்தும் போகவில்லை. கிணறு இருந்த இடத்தில் சிமெண்டுத் தளம் இருந்தது, தளத்தில் நாள்பட்ட பாசியும் இருந்தது. ஆதியிலிருந்தே அங்கே தளம்தான் என்று யாராவது வாதாடினால் மறுத்துப் பேச முடியாது. இரண்டு கல்தூணும் குறுக்குக் கட்டையும் கப்பியும் மட்டும் நின்றன. கப்பியிலிருந்து கயிறு இறங்கியது, கயிற்றின் நுனியில் தகர வாளி, வாளிக்கு அடியில் தரை.

கதை சொல்லிக்கொண்டிருந்தவர் ஷேக் பரீத். தௌலத் பேகத்தின் கணவர் செய்யது அலிக்குப் பெரியத்தா, அப்பாவின் அண்ணன். பல் எல்லாம் போய்விட்டது, குரல் போகவில்லை. அன்றைக்குக் கிணறு வெட்டிய கதை. குடும்பத்தின் முதல் ஆளான மஸ்தான் ராவுத்தர், ‘கரிசலில் தோண்டினால் உப்புத்தண்ணிதான் வரும்’ என்று ஊரே சிரிக்கச் சிரிக்கத் தோண்டி, கடைசியில் மண்வெட்டியை வீசிவிட்டு உட்கார்ந்த கட்டம். “வந்துச்சு பாரு தண்ணி, இளநி கணக்கா!” என்று பெரியவர் கையை உயர்த்திய அந்த நொடியில்தான், வாசலில் கீரைக்காரி பாண்டிச்செல்வி ‘கீரை வேணுமாக்கா?’ என்று கேட்டதாகவும், தான் அவளுக்குத்தான் ‘ம்ஹூம்’ சொன்னதாகவும் தௌலத் பேகம் சாதித்தாள். பாண்டிச்செல்வி அன்று அந்தத் தெருவுக்குள் வந்தாளா என்பது பற்றித் தெருவில் இரண்டு கருத்து உண்டு.

“ஏட்டி, என்ன சொன்ன?” என்றார் செய்யது அலி.

“கீரை வேண்டாம்னேன்.”

“கிணத்தை வேண்டாம்னுட்டியே!”

கதை சொன்னால் உம் கொட்ட வேண்டும் என்பது பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மற்ற வீடுகளில் உம் கொட்டாவிட்டால் கதை சொல்கிறவருக்குக் கோபம் வரும், அதோடு முடிந்தது. மஸ்தான் ராவுத்தர் வீட்டில் கதையில் வந்த பொருளே போய்விடும். செய்யது அலியின் தாயார், அதாவது தௌலத்தின் மாமியார், உம் கொட்டிய காலத்தில் ஒருமுறை மதியச் சாப்பாட்டுக் களைப்பில் கண் அசந்துவிட்டார். அப்போது சொல்லப்பட்டது மாடி கட்டிய கதை. இன்றைக்கும் அந்த வீட்டில் மாடிக்கு ஏறும் படி இருக்கிறது, மாடி இல்லை. ஏறிப் போனால் கடைசிப் படியில் நின்று ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பார்க்கலாம், திரும்பி இறங்கலாம். வத்தல் காயப்போட வசதி என்று குடும்பம் அதைப் பழகிக்கொண்டது. வீட்டுவரிக்கு அளக்க வந்தவர் படியை மட்டும் எப்படி அளப்பது என்று கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டுப் போனார்.

இந்த வேலைக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, ‘ம்’ வாயிலிருந்து வர வேண்டும். ‘ஆங்’, ‘சரி’, ‘அப்படியா’ எதுவும் செல்லாது. இரண்டு, அந்தக் கதைக்காரர்களின் ரத்தத்தில் பிறந்தவர்கள் கொட்டினால் பிடிக்காது. அவரவர் முதுகை அவரவரே சொறிந்துகொள்ள முடியாதது மாதிரி. ஆகவே தலைமுறைக்கு ஒரு மருமகள், வெளியிலிருந்து. மஸ்தான் ராவுத்தர் குடும்பத்தின் கிணறு, கடை, ஹஜ்ஜுப் பயணம், பங்காளிச் சண்டை எல்லாமே எங்கிருந்தோ வந்த பெண்களின் தொண்டைக்குள் மாட்டியிருந்தன. இதைப் பெருமையாகச் சொல்வார்களே தவிர, அந்தத் தொண்டைக்கு ஒரு வாய் சுக்குக் காப்பி கொடுக்க யாருக்கும் தோன்றியதில்லை.

தௌலத் பேகம் புதியம்புத்தூர்க்காரி. அவள் அத்தா அங்கே ரெடிமேட் சட்டைக்குக் கட்டிங் மாஸ்டர். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா, ஓதத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமியார்க்காரி உட்கார்ந்து, காணாமல் போன ஒரு வெள்ளாட்டின் கதையை ஆரம்பித்தார். ஆடு எட்டயபுரம் போயிற்று, விளாத்திகுளம் போயிற்று, ஓட்டப்பிடாரம் சந்தையில் கைமாறிற்று. பெண் தலையைக் குனிந்தபடி, எங்கெங்கே வேண்டுமோ அங்கங்கே ‘ம்’ என்றாள். அவசரமும் இல்லை, இழுப்பும் இல்லை. ஆடு வீடு திரும்பியபோது மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. “இப்படி ஒரு உம்மு நான் கேட்டதே இல்லை” என்று அங்கேயே நிச்சயம் பேசிவிட்டார்கள். உண்மையில் தௌலத்துக்கு அன்று கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. வாயைத் திறக்க முடியாமல்தான் ‘ம்’ என்று முனகிக்கொண்டிருந்தாள். ஆட்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு வருடங்கள் போயின. வெள்ளிக்கிழமை தவறாமல் அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் கூடத்தில் பாய் விரிப்பார்கள். யாராவது ஒருவர் சொல்வார், தௌலத் கொட்டுவாள். செய்யது அலியின் அத்தா சொன்னார், மவுத்தானார். சின்னத்தாக்கள் சொன்னார்கள், மவுத்தானார்கள். கடைசியில் ஷேக் பரீத் மட்டும் மிஞ்சினார், அவரே எல்லோர் பங்கையும் சேர்த்துச் சொன்னார். செல்போன் வந்த பிறகு சென்னையிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் வாய்ஸ் மெசேஜாக வர ஆரம்பித்தது. சோறு வடிக்கும்போது, துணி அலசும்போது, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ‘ம்’ என்பாள். நீல டிக் விழுந்தால் மட்டும் போதாது. அவளுக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்த வாரம், சென்னையில் இருக்கும் மருமகள் சனா மாமிக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஒரு கதைக்குக் கட்டைவிரல் படத்தை அனுப்பிவைத்தாள். கூடத்துச் சுவரில் தொங்கும் போட்டோவில், சிரித்தே அறியாத கொள்ளுத்தாத்தா அன்றிலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறார். மகன் அஸ்லம் ஒரு லீவுக்கு வந்தபோது, இந்தத் தொல்லையே வேண்டாம் என்று பெரியவரின் கதைகளையெல்லாம் போனில் பதிந்தான். போட்டுக் கேட்டால் கதை ஒரு வரி இல்லை. ‘ம்… ம்… ம்…’ என்று அம்மாவின் குரல் மட்டும் மணிக்கணக்கில் ஓடியது. கேட்கக் கேட்க அவனுக்கு என்னவோ போலிருந்தது. அணைத்துவிட்டான்.

கிணறு போன பிறகு குடும்பம் உஷாரானது. வெள்ளிக்கிழமை மதியம் தௌலத்தைக் கட்டாயமாகத் தூங்க வைத்தார்கள். கீரைக்காரி அந்த நேரத்தில் தெருவுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் கேட்பாளா, ‘நகராட்சித் தெரு, உங்க வீட்டுத் தெருவா?’ என்று கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு போனாள். கதை நடக்கும்போது எல்லோர் கண்ணும் தௌலத்தின் உதட்டிலேயே இருந்தது. ‘ம்’ வந்ததும் கூடமே மூச்சு விட்டது. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், அந்த முகத்துக்குப் பின்னால் இருந்த சுவர்க் காலண்டர் லேசாகத் தெரிந்ததைக் கவனித்திருப்பார்கள்.

அது எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் எடை மிஷினில் ஏறினாள், முள் அசையவில்லை, நர்சு மிஷினை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போன தடவை எடையையே எழுதிக்கொண்டாள். டவுன் பஸ்சில் உட்கார்ந்திருந்தாள், சீட் காலி என்று நினைத்து ஒரு அம்மாள் பை வைத்தாள். புதியம்புத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாள். கூடப் படித்தவளே ‘நீங்க மாப்பிள்ளை வீடா?’ என்று கேட்டாள். இவள் பிறந்த வீடு இருந்த சந்தில் பட்டன் தைக்கும் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே ஒரு கட்டிங் மாஸ்டர் குடும்பம் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் தன் முகத்தைத் தேடினாள். பருத்திக்காடுதான் தெரிந்தது.

கணக்கு அவளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. ஊரார் கதைக்கெல்லாம் அவள் கொட்டினாள். அவள் கதைக்கு ஒருத்தரும் கொட்டியதில்லை. ‘ம்’ விழாத கதை நிற்காது. அந்த வீட்டுச் சட்டம் அந்த வீட்டில் வாழ்கிறவளுக்கும் சேர்த்துத்தான். இப்படியே போனால் இன்னும் கொஞ்ச நாளில் மாடிப்படி மாதிரி, வாளி மாதிரி, அவள் புழங்கிய சாமான்கள் மட்டும் மிச்சமிருக்கும், அவள் இருக்கமாட்டாள்.

சும்மா இருந்துவிடவில்லை, முயன்று பார்த்தாள். பிள்ளைகள் அவள் ரத்தம், அவர்கள் கொட்டினால் செல்லாது. புருஷன் வேறு ரத்தம், செல்லும். ஒரு நாள் கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “என்னங்க, நான் சின்னதா இருக்கும்போது எங்க அத்தா…” என்று ஆரம்பித்தாள். செய்யது அலி நல்ல மனுஷர்தான். “இரு இரு, இதே மாதிரிதான் எங்க அத்தாவுக்கு…” என்று அவர் ஆரம்பித்தார். முடியும்வரை இவள் ‘ம்’ கொட்டினாள். இன்னொரு நாள் சனாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். சனா அதை வேகத்தைக் கூட்டிவைத்துக் கேட்டுவிட்டு, ‘சூப்பர் மாமி’ என்று பதில் போட்டாள். அதற்குப் பிறகு தௌலத் முயலவில்லை. கேட்கச் சொல்லிக் கெஞ்சுவதைவிடக் கரைந்துபோவது சுலபமாகத் தெரிந்தது. அத்தனை அலுப்பு.

அந்தக் கார்த்திகையில் எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து சுடலையம்மாள் போன் பண்ணி, மாட்டுக்கு அடுக்கிவைத்த சோளத்தட்டைப் படப்பு நனைகிறது, பெரிய படுதா ஒன்று உடனே வேண்டும் என்றாள். கடைப் பையன்கள் இரண்டு பேருக்கும் காய்ச்சல். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று செய்யது அலி மனைவியையும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, எட்டயபுரம் தாண்டிப் போனார். சுடலையம்மாள் வீட்டுக்கும் இவர்களுக்கும் மஸ்தான் ராவுத்தர் நாளிலிருந்து தொடர்பு. ஜவுளி மூட்டையோடு வந்த ராவுத்தர் மழைக் கரிசலில் முழங்கால்வரை மாட்டிக்கொண்டபோது, கயிறு போட்டு இழுத்துவிட்டவர் சுடலையம்மாளின் முன்னோர் கருத்தையா. ‘கரிசல் பிடிச்ச குடும்பம்’ என்று ராவுத்தர் வீட்டார் இன்றுவரை தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். மண் பிடித்துவைத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள், மண் விட்டுவிட்டவர்கள் வழிப்போக்கர்கள், இதுதான் அந்தக் கதையின் சாரம். தௌலத் அதற்கும் பல தடவை ‘ம்’ கொட்டியிருக்கிறாள்.

“எங்க கருத்தையா தாத்தன் கயித்தைப் போடலேன்னா, உங்க ராவுத்தரு இன்னும் அந்த ஓடையோரம் பனைமரம் கணக்கா நிப்பாரு. அந்த நன்றிக்காவது ஒரு முழம் கூட விடுங்க அண்ணாச்சி” என்று சுடலையம்மாள் எப்போதும் போல ஆரம்பித்தாள். செய்யது அலியும் எப்போதும் போல, “தாயி, அந்த முழத்தை எங்க அத்தா காலத்துலயே வாங்கிட்டீங்க” என்றார். படுதாவை இறக்கிப்போட்டுவிட்டு, டிரைவரோடு டீக்கடைக்கு நடந்தார். பொம்பிளைகள் இரண்டு பேரும் படப்பின் மேல் படுதாவை இழுத்து, நுனிகளில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்கள். முடிக்கவும் மழை வலுக்கவும் சரியாக இருந்தது. படுதாவின் ஓரத்தை முட்டுக் கொடுத்து, அடியில் ஆளுக்கொரு சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். சுடலையம்மாள் இடுப்பிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்தாள், காலில் அப்பியிருந்த கரிசலைக் குச்சியால் வழித்தாள், ஒவ்வொரு காலிலும் ஒரு செங்கல் கனத்துக்கு மண். வழித்துக்கொண்டே எதிரே பார்த்தவள் குச்சியை நிறுத்தினாள்.

“என்ன பாயம்மா, பறந்தா வந்தீங்க? காலு கழுவி வச்ச கணக்கா இருக்கு.”

தௌலத் பார்த்தாள். பாதத்தில் ஒரு பொட்டு மண் இல்லை. வண்டியிலிருந்து படப்புவரை நடந்த தடத்தில் ஒருத்தி காலடிதான் இருந்தது.

“ஒட்ட மாட்டேங்கு மதினி.”

“ஒட்டாமயா? எங்க மண்ணு நாயக்கூட விடாது. உங்கள மட்டும் விட்டுட்டா?” சுடலையம்மாள் எட்டி அவள் பாதத்தைத் தொட்டாள். கையை எடுத்துப் பார்த்தாள், முகம் மாறியது. “என்னட்டி இது, காத்தைத் தொட்ட மாதிரி இருக்கு. டாக்டருகிட்ட காட்டுனீங்களா?”

“என்னன்னு காட்ட? கால் சுத்தமா இருக்குன்னா?”

சொல்லக் கூடாது என்று இல்லை, கேட்க ஆள் இல்லாததால் சொல்லாமல் இருந்தாள். கிணறு போனது, எடை போனது, புதியம்புத்தூர் போனது, தன் கதைக்கு உம் கொட்ட வேறு ரத்தத்து ஆள் கிடைக்காதது எல்லாவற்றையும் நாலு வார்த்தையில் சொன்னாள். சுடலையம்மாள் ஆச்சரியப்படவில்லை. அவள் வீட்டுக் காளை ஒன்று செத்த பிறகும் மூன்று பொங்கலுக்கு மாலை வாங்கிக்கொள்ள வந்து நின்றிருக்கிறது, அதைவிட இது ஒன்றும் பெரிதில்லை. வெற்றிலையை மடித்து வாயில் அதக்கினாள்.

“இம்புட்டுத்தானா? அப்ப நான் கொட்டுதேன். உங்களுக்கும் எனக்கும் என்ன, ஒரே ரத்தமா ஓடுது? சொல்லுங்க.”

“என்னத்த மதினி சொல்ல? எனக்கு என்ன கதை இருக்கு?”

“வாய் இருக்குல்லா? மழை விடுத மட்டும் எனக்கும் சோலி இல்ல. ஆனா ஒண்ணு, பெறவு என் கதைக்கு நீங்க கொட்டணும். என் வீட்டுக்காரரு இருக்காரே, நான் பேச ஆரம்பிச்சா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவாரு.”

தௌலத் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைக் கனைத்தாள். வாயைத் திறந்தாள்.

“ம்” என்றாள்.

“அட கூறுகெட்ட பொம்பள! நீங்க கொட்டக் கூடாது. நான்லா கொட்டணும்!”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கும்போது, எங்கிருந்து தொடங்குவது என்று தௌலத்துக்குத் தெரிந்திருந்தது. கடைவாய்ப் பல்லிலிருந்து தொடங்கினாள். பெண் பார்க்க வந்தது, வெள்ளாடு ஊர் ஊராகப் போனது, வாய் திறக்க முடியாமல் முனகியது. “ம்” என்றாள் சுடலையம்மாள். மாமியார்க்காரி கண் கலங்கி நிச்சயம் பேசியதைச் சொன்னதும், தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்ததில் கொட்ட மறந்து, “ஆத்தாடி, ம், ம், போட்டுட்டேன், சொல்லுங்க” என்றாள். தௌலத்தின் முந்தானை நுனி நனைய ஆரம்பித்தது. அதுவரை மழை அவளை நனைத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அத்தாவின் கத்தரிக்கோலைச் சொன்னாள், காலர் வெட்டிய மிச்சத் துணியில் அவளுக்குத் தைத்துக் கொடுத்த பாவாடையைச் சொன்னாள், அதில் பாதிக் கட்டம் போட்டும் பாதிக் கோடு போட்டும் இருந்ததைச் சொன்னாள். “ம்.” அடியில் இருந்த சாக்கு மெல்ல அமுங்கியது. குரல் எங்கெங்கோ சிக்கிக்கொண்டது. கேட்கப் பழகிய வாய்க்குச் சொல்வது மலையேறுகிற வேலையாக இருந்தது. நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கினாள். சுடலையம்மாள் விரட்டவில்லை, வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு காத்திருந்தாள்.

கல்யாணத்தன்று மறுபடி பல்வலி. கன்னம் வீங்கிவிட்டது. நிக்காஹ் முடிந்து கோவில்பட்டி வீட்டுக்கு அழைத்து வந்ததும், புதுப்பெண் யாருக்கும் தெரியாமல் கொல்லைக்குப் போனாள். கிணறு இருந்தது. குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டால் கொஞ்சம் தேவலை என்று ஒரு வாளி இறைத்தாள்.

அந்த இடத்தில் தௌலத் நின்றுவிட்டாள்.

“பெறவு?”

“உப்பு, மதினி.”

“என்னது?”

“கிணத்துத் தண்ணி. கடல் தண்ணி கணக்கா உப்பு. வாயில வச்சிக் கொப்புளிச்சேன், வலி நின்னுட்டு. அன்னைக்குச் சாயங்காலமே கூடத்துல உட்கார வச்சி, அந்தத் தண்ணி இளநி கணக்கா இருந்த கதையச் சொல்லுதாவ. நாக்குல உப்பு இன்னும் போகல. எல்லாரும் என் வாயையே பாக்குதாவ. நான் என்ன செய்ய? ‘ம்’னேன். அன்னையில இருந்து ‘ம்’ தான்.”

சுடலையம்மாள் வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பினாள். “அது உப்புத்தான். எங்க மாடே உங்க வீட்டுத் தண்ணியக் குடிக்காதுன்னு எங்க அம்மா சொல்லும். நாங்க மருவாதிக்குச் சொல்லாம இருந்தோம்.” பிறகு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவது மாதிரி, நிதானமாக, “ம்” என்றாள்.

மழை விட்டது. தௌலத் எழுந்து வண்டிக்கு நடந்தாள். முதல் எட்டில் கால் புதைந்தது. இழுத்தால் லேசில் வரவில்லை. இழுத்து வைத்த அடுத்த எட்டில் செருப்பு மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. வண்டிவரை போவதற்குள் இரண்டு காலிலும் கரிசல் அப்பி, யாரோ இரண்டு பிள்ளைகள் காலைக் கட்டிக்கொண்டு தொங்குவது மாதிரி இழுத்தது. இடுப்பு வலித்தது, முழங்கால் வலித்தது. “வண்டி பூராச் சேறு” என்று செய்யது அலி சலித்துக்கொண்டார். அவள் கோவில்பட்டி வரும்வரை காலைக் கழுவவில்லை. பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்குள் நுழையும்போதே கொல்லையிலிருந்து கப்பி கிரீச்சிட்டது. கிணறு வந்திருந்தது. கைப்பிடிச் சுவரும், சுவரில் கயிறு உரசிய பள்ளமும், உள்ளே புறா எச்சமும் எல்லாம் பழையபடி. இனி அந்தக் கிணறு யாருடைய கதையில் நிற்கிறது என்று குடும்பத்தார் கொஞ்ச நாள் பேசிக்கொண்டார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். பல்வலிக்காரர்கள் காலையில் சொம்போடு வந்து நிற்பதும் தெருவுக்குப் பழகிவிட்டது. அது பிற்பாடு. அன்றைக்கு ஷேக் பரீத்தான் கிணற்றடியில் நின்று, வாளியை இழுத்துக்கொண்டிருந்தார். “பாத்தியா செய்யது! எங்க மஸ்தான் ராவுத்தரு வெட்டுன கிணறு போகுமா? வந்துச்சு பாரு, இளநி கணக்கா…” என்று ஒரு டம்ளர் மொண்டு குடித்தார். குடித்தவர் அப்படியே நின்றார். பிறந்ததிலிருந்து குடித்த தண்ணீர்தான். ஆனால் அன்றைக்குத்தான் அவர் நாக்கு அதைச் சந்தித்தது.

பழக்கதோஷத்தில் அவர் கண் தௌலத்தின் வாய்க்குப் போனது.

“ம்ஹூம்” என்றாள் தௌலத். “உப்பு, மாமா. எப்பவும் உப்புத்தான்.”

எல்லோரும் கிணற்றைப் பார்த்தார்கள். கிணறு அசையவில்லை. முருங்கை மரம் இருந்தது, படி இருந்தது, கயிற்றிலிருந்து சொட்டிய தண்ணீர் சத்தமும் இருந்தது. பெரியவர் டம்ளரைச் செய்யது அலியிடம் நீட்டினார். அவர் ஒரு வாய் குடித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். அதன் பின்னால் சுவர் தெரியவில்லை. பிறகு அவள் காலில் காய்ந்துகொண்டிருந்த கரிசலைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

வாசலில் பாண்டிச்செல்வியின் குரல் கேட்டது. “கீரை வேணுமாக்கா?”

“ம்” என்றார் செய்யது அலி, தௌலத்தைப் பார்த்தபடியே.

கீரைக்காரி இரண்டு கட்டு அரைக்கீரையை நடையில் வைத்துவிட்டுப் போனாள்.